பொன் தாளமும் வெண்கலத் தாளமும்

கேமரன் மலைத் தோட்டங்களில் பஜனைக்கு ஜால்ரா வாங்குவோரும் உளர். டிரம் செட்டுக்குத் தாளத்தட்டு வாங்கும் இளைஞரும் உளர். இரு சாராரும் கடையில் முதலில் நோக்குவது பளபளப்பையே. ஆயினும் தாளத்தைத் தேரும் முறை நம் முன்னோர் நன்கு ஆராய்ந்து கண்டதொன்று. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளுள் ‘பாண்டில்’ என்பதையும் கூறுகிறது. உருக்கித் தகடாகத் தட்டியது அஃது எனவும் குறிக்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைக் கஞ்சதாளம் என்பர். கஞ்சமாவது வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றினும் செவிக்கு வெவ்வேறு.

ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் பழைய ஈமக்குழிகளில் கிடைத்த வெண்கலக் கலங்களைச் சாரதா சீனிவாசன் முதலிய அறிஞர் ஆராய்ந்தனர். அவற்றுட் சிலவற்றில் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் வெள்ளீயம் உள்ளது. இத்தகைய கலவை ஆறியபின் தட்டினால் உடைந்துவிடும். ஆதலின் அக்கொல்லர் அதனைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தட்டி, நீரில் தோய்த்தனர். எஃகு அவ்வாறு தோய்த்தால் நொறுங்கும் தன்மை பெறும். இவ்வெண்கலமோ அத்தன்மை குறையப் பெறும். நெடிது நின்று ஒலிக்கும் நாதம் இக்கலவையின் சிறப்பு.

சீகாழியை அடுத்த திருக்கோலக்காவின் வரலாறும் ஈண்டு நினைத்தற்குரியது. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் குழந்தைப் பருவத்தில் கைகொட்டிப் பாடியபொழுது இறைவன் பொற்றாளம் அருளினான் என்பர். பொன்னுக்கு ஓசை இன்மையால் அம்மை அதற்கு ஓசை தந்தாள் என்பது தலவரலாறு. அம்மையின் திருப்பெயரும் ஓசை கொடுத்த நாயகி. விலையுயர்ந்த உலோகம் இனிய ஒலி தருவதாகாது என்னும் உண்மையை அறிந்தோர் போற்றி வந்த வரலாறு இது.

உலோகத்தை அடுத்து, பணியை நோக்க வேண்டும். நாகசுரமும் தவிலும் முழங்கும்போது கேட்க வேண்டியதாதலின் அதற்குரிய தாளம் தடித்தது. நட்டுவாங்கத்தில் ஒரு தட்டு வெண்கலம், மற்றது இரும்பு. சதங்கையோடு இயைந்து ஒலி சுருக்கமாகவும் கூர்மையாகவும் எழும். பஜனை ஜால்ரா சிறியது. கோயிலின் பிரமதாளம் பெரியது, வீதிவரை ஒலிப்பது.

மேனாட்டார் வழியும் இதுவே. 1623-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தோன்றிய சில்ஜியான் குடும்பத்தின் தொழில், 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தால் புகழ் பெற்றது. 1929-இல் அத்தொழில் அமெரிக்காவில் நிலைகொண்டது. இம்மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். டிரம் செட்டில் சீராகத் தட்டிச் செல்வதற்குத் தடித்த தட்டு. சட்டென முழங்கி அடங்குவதற்கு மெல்லிய தட்டு. காலால் மிதித்து ஒன்றோடொன்று மோதச் செய்வது இணைத்தட்டு. இவ்விணைத்தட்டைக் காலால் இயக்கும் ஜால்ரா எனலாம்.

நம் மலைக்கு மேற்கே பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1985-இல் விலை வீழ்ந்து சுரங்கங்கள் பல மூடப்படும்வரை, உலகின் வெள்ளீயத்தில் பெரும்பங்கை அளித்த நாடு இது. வெண்கலத்திற்கு நாதம் தரும் அவ்வீயம் விளைந்த மண்ணின் அருகிலிருந்தும், மெல்லிய பித்தளைத் தகட்டை ஜால்ரா என்று வாங்கிக் குழந்தைகள் கையில் கொடுப்பது தகுமா? செத்த ஓசையில் தாளம் பழகிய செவி, நல்ல நாதத்தைப் பின்னர் எவ்வாறு இனங்காணும்?

ஆகவே, தாளம் வாங்குவோர் ஒவ்வொரு தட்டையும் கயிற்றில் தொங்கவிட்டு விளிம்பில் மெல்லத் தட்டுக. ஒலி நெடிது நிற்கிறதா எனக் கேட்க. கரகரப்பு எழுந்தால் விரிசல் உண்டா எனப் பார்க்க. பளபளப்பு தேய்த்தால் வரும். நாதம் அவ்வாறு வாராது. இதனை ஆசிரியரும் பெற்றோரும் சிறுவர்க்குக் காட்டிக் கற்பிப்பாராக.