லினக்ஸ் கெர்னலில் அகச்சிவப்பு ரிமோட் ஏற்பி

தொலைக்காட்சி முதலிய சாதனங்களைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புகளாக விடுக்க, அவற்றைக் கணினியில் ஏற்று, விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தியதற்கு நிகரான செய்தியாக மாற்றித் தருவது, லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் 'ஆர்.சி. கோர்' என்னும் பகுதியின் கடமையாகும்.

சூரிய ஒளியிலும் மின்விளக்கின் ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர்கள் கலந்திருப்பதனால், அவற்றினின்று வேறுபடுத்திக் காட்டப் பெரும்பாலான ரிமோட்டுகள் தம் ஒளியை 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் விட்டு விட்டு ஒளிரச் செய்கின்றன. ஏற்பியோ அவ்வதிர்வை வடித்தெடுத்து, ஒளி நிலவிய காலத்தையும் நிலவாத காலத்தையும் மாறி மாறிக் கெர்னலுக்கு அறிவிக்கிறது. சமிக்ஞையைத் தாமே விடுவித்து, அதாவது அதன் பொருளைக் கண்டறிந்து, எண்ணாகவே தரும் ஏற்பிகளும் உண்டு.

இக்கால அளவுகளுக்குப் பொருள் காணும் விதிமுறைகள் நிறுவனந்தோறும் வேறுபடும். என்.இ.சி. முறையில் 9 மில்லிசெகண்ட் ஒளியும் 4.5 மில்லிசெகண்ட் இடைவெளியும் முன்னறிவிப்பாக வர, அவற்றைத் தொடரும் 32 பிட்டுகளில் ஒவ்வொன்றும் சுமார் 560 மைக்ரோசெகண்ட் ஒளியுடன் தொடங்கி, பின்வரும் இடைவெளி குறுகியதாயின் பூஜ்யம் என்றும், ஏறத்தாழ மும்மடங்கு நீண்டதாயின் ஒன்று என்றும் கொள்ளப்படுகிறது. பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆர்.சி.-5 முறையிலோ, புதிதாக அழுத்துந்தோறும் மாறும் பிட் ஒன்று, ஒரே விசையை இடைவிடாது அழுத்துவதையும் இருமுறை அழுத்துவதையும் வேறுபடுத்திக் காட்டுகிறது.

இவ்வாறு கிடைத்த எண், அந்தந்த ரிமோட்டுக்குரிய அட்டவணையின் துணையால், 'ஒலியைக் கூட்டு', 'அடுத்த சேனல்' என்பன போன்ற பொதுக் கட்டளையாகிறது. விரலை எடுத்துவிட்ட செய்தியைப் பெரும்பாலான ரிமோட்டுகள் அனுப்புவதில்லை. ஆதலின், குறித்த கால எல்லைக்குள் மறு சமிக்ஞை வாராவிடில், விசை விடப்பட்டதாகக் கெர்னலே தீர்மானித்து அறிவிக்கிறது.

ஆதியில் இப்பணி முழுவதும் 'லிர்க்' என்னும் தனித் திட்டத்தைச் சார்ந்திருந்தது. அதன் டிரைவர்கள் கெர்னலுக்குப் புறம்பே பல்லாண்டு காலம் பேணப்பட்டன. பயன்பாட்டு நிரல்களும் அதனோடு உறவாடும் முறையைத் தனியே கற்க வேண்டியிருந்தது. விடுவிக்கும் பணியைக் கெர்னல் ஏற்பதா, புறத்திலுள்ள நிரலுக்கு விடுவதா என்ற நீண்ட விவாதத்திற்குப் பின், 2010-ஆம் ஆண்டில் இரண்டுக்கும் இடமளிக்கும் சமரசம் உருவாயிற்று: பரவலான விதிமுறைகளைக் கெர்னல் தானே விடுவித்தது, அபூர்வமானவற்றின் கால அளவுகளை லிர்க் இடைமுகத்தின் வழியே மாற்றமின்றி வெளியே தந்தது. அட்டவணையை மட்டும் மாற்ற விரும்புவோர் 'ஐ.ஆர்.-கீடேபிள்' என்னும் கருவியால், கெர்னலைத் தொடாமலே மாற்றலாம்.

2018-ஆம் ஆண்டின் 4.18-ஆம் பதிப்பிலிருந்து, புதிய விதிமுறைகளை விடுவிக்கும் சிறு நிரல்களைப் பி.பி.எஃப். முறையில் எழுதி, இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலிலேயே ஏற்றவும் இயலும்.