"சூடாகத்தான் செய்யும் சார்": கிராபிக்ஸ் கார்டு விசிறிகளின் கதை

இந்த எபிசோடை இரண்டு தடவை பதிவு செய்ய வேண்டியதாயிற்று. முதல் பதிவைப் போட்டுக் கேட்டால், என் குரலுக்குப் பின்னாடி யாரோ மாவு மில் ஓட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல். கும்மிடிப்பூண்டியில் இருக்கிறவங்களுக்கு இரைச்சல் புதுசில்லை. சிப்காட் பக்கம் ராத்திரி முழுக்க டிரெய்லர் லாரி போகும். ஆனால் இது வெளியிலிருந்து வந்ததில்லை. மேசைக்குக் கீழே, ஆறு நாளைக்கு முன்னாடி தவணையில் வாங்கின கிராபிக்ஸ் கார்டோட விசிறி.

அண்ணன் கல்யாண வீடியோ எடிட் பண்றார். அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் எங்க வீட்டுக்குச் சோறு போடுது. பொருளை மாற்றித் தர கடையில் பத்து நாள் கெடு. போன் பண்ணினேன். "மே மாசம் சார், சூடாகத்தான் செய்யும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கு. இன்றைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

1996-ல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டைப் படத்தில் பாருங்க, விசிறியே கிடையாது. சில்லுகள் வெறும் மேனியாக உட்கார்ந்திருக்கும். 1999-ல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வந்தபோது, தலையில் ஒரு சின்ன விசிறி ஏறியிருந்தது. அதற்கப்புறம் அது இறங்கவே இல்லை.

பெரிய கூத்து நடந்தது 2003-ல். 2002 ஆகஸ்டில் ஏடிஐ நிறுவனம் ரேடியான் 9700 ப்ரோவை இறக்கி என்விடியாவை ஓரங்கட்டியிருந்தது. பதிலுக்கு என்விடியா கொண்டு வந்ததுதான் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. ஏடிஐ 150 நானோமீட்டரில் 325 மெகாஹெர்ட்ஸ் ஓட்டினது. இவங்க புதிய 130 நானோமீட்டருக்குப் போய் 500 மெகாஹெர்ட்ஸ் வரை முடுக்கினாங்க. ஆனால் நினைவகப் பாதை ஏடிஐ-க்கு 256 பிட், இவங்களுக்கு 128 பிட்தான். குறுகலான ரோட்டில் வண்டியை விரட்டுகிற கதை. விரட்டினால் சூடு. அந்தச் சூட்டைத் தள்ள, இரண்டு ஸ்லாட் இடத்தை அடைக்கிற ஒரு பெட்டியும், வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே துப்புகிற ஊதலும் வைத்தார்கள். கேம் ஓட்டினதும் அது போட்ட சத்தத்தில் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர், வேக்குவம் கிளீனர்.

இதில் எனக்குப் பிடித்தது, என்விடியா ஊழியர்களே தங்களைக் கிண்டல் பண்ணி ஒரு வீடியோ எடுத்ததுதான். இந்த விசிறியை, இலைச் சருகை ஊதித் தள்ளுகிற மெஷினில் மாட்டலாம் என்றெல்லாம் அதில் காட்டினார்கள். சிரித்து முடித்து, 2003 மே மாதமே 5900-ஐ இறக்கி இதை ஓரமாக வைத்துவிட்டார்கள். தப்பை ஒத்துக்கொள்கிற கம்பெனி இப்படிச் சிரிக்க முடியும்.

2008-ல் சிரிக்க முடியவில்லை. அந்த ஜூலையில், லேப்டாப்களுக்குப் போன சில சில்லுகளின் பொதியில் பலவீனம் இருக்கு என்று என்விடியா அறிவித்து, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கி வைத்தது. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, சில்லுக்குக் கீழே இருக்கிற ஈயப் புள்ளிகள் விரிசல் விட்டன. சூடு என்பது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. அதற்கப்புறம் 2010-ல் 250 வாட் இழுத்த ஜிடிஎக்ஸ் 480, 2013-ல் 95 டிகிரி வரை போகலாம் என்றே வடிவமைத்த ரேடியான் ஆர்9 290எக்ஸ். அதையெல்லாம் விட்டுவிடலாம்.

நம்ம விஷயத்துக்கு நெருக்கமானது 2022 டிசம்பர். ஏஎம்டி-யின் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ், விலை 999 டாலர். வாங்கின சிலருக்கு, சில்லின் மிகச் சூடான புள்ளி 110 டிகிரியைத் தொட்டு, விசிறி அலறியது. புகார் சொன்னவர்களில் சிலருக்கு முதலில் கிடைத்த பதில், 110 இயல்புதான் என்பது. "சூடாகத்தான் செய்யும் சார்"தான், ஆங்கிலத்தில்!

ஜெர்மனியில் டெர்பாவர் என்ற பெயரில் வீடியோ போடுகிற ரோமன் ஹார்ட்டுங் இதை ஆராய்ந்தார். கார்டைக் கிடையாக வைத்தால் கொதிக்குது, நிமிர்த்தினால் குறையுது. வெறும் செம்புக் கட்டிக்கு மேல் கீழ் ஏது? அந்தக் கார்டில் இருந்தது நீராவி அறை. காற்றை உறிஞ்சி மூடிய தட்டையான செம்புப் பெட்டி, உள்ளே சொட்டுத் தண்ணீர். சூடான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் நீராகி, திரி வழியாகத் திரும்பி வரும். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றினால் அடி பிடிக்கும் இல்லையா, அதேதான். 2023 ஜனவரியில் ஏஎம்டி-யின் ஸ்காட் ஹெர்க்கல்மேன், ஒரு சிறு தொகுதியில் தண்ணீர் போதவில்லை என்று ஒத்துக்கொண்டார். மாற்றித் தந்தார்கள்.

சரி, நானும் டவரைப் படுக்க வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. சராசரி 84, சூடான புள்ளி 97. இடைவெளி 13 டிகிரிதான், அதனால் பேஸ்ட்டும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கு. அப்புறம் என்ன?

எதிர்வீட்டு அண்ணன் சிப்காட்டில் மோட்டார் வைண்டிங் வேலை பார்க்கிறவர். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். "தம்பி, பின்னாடி வெளிய தள்ள ஃபேன் வெச்சிருக்கான். உள்ள வர வழி எங்க?" என்றார். கேபினட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அழகுக்காக நானே பார்த்துப் பார்த்து வாங்கினது. பக்கத் தகட்டைக் கழற்றினதும் 75-க்கு இறங்கியது. பாதிக் குற்றம் என்னுடையது.

விசிறி வேகம் குறைந்ததும் இரைச்சல் அடங்கியது. விசிறி இரட்டிப்பு வேகத்தில் சுற்றினால் சுமார் 15 டெசிபல் ஏறும், அதனால் கொஞ்சம் குறைந்தாலே காதுக்குத் தெரியும். ஆனால் அடங்கின பிறகு ஒரு டிக்-டிக். அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் நுனியை விசிறிச் சட்டத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். முதல் விசிறி, இரண்டாவது, மூன்றாவது. "இதான். பேரிங் போச்சு."

எட்டாவது நாள், கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு லோக்கல் டிரெயின் ஏறினேன். கடையில் ஏசி அறையில் ஓட்டிக் காட்டி, "66 டிகிரிதானே சார்" என்றார்கள். அங்கே அறை 24, எங்க வீட்டில் மதியம் 37. கூலர் அறையை விட இத்தனை டிகிரி மேலே என்றுதான் நிறுத்தும், அறையை அது குளிர வைக்காது. திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணி வெயில் வருஷா வருஷம் செய்தியில் வருது, இது அவங்களுக்கும் தெரியும். நான் வெப்பத்தைப் பேசவே இல்லை. மூன்றாவது விசிறியின் டிக்-டிக்கை மட்டும் போனில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் பேசினார்கள். வேறு கார்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

கேபினட் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் அண்ணி கொசு வலையில் ஒரு துண்டு வெட்டிக் கட்டியிருக்காங்க. வாரம் ஒரு தடவை தட்டணும், கருப்பாகத் தூசி கொட்டுது.