பனூ ஹிலால் சரிதையும் வரலாறும்

அரபு நாட்டார் காப்பியங்களுள் பெரும்புகழ் பெற்றது ‘ஸீரத் பனீ ஹிலால்’. ஒரு கோத்திரத்தின் பல தலைமுறைக் கதை அது. மாயமும் கொலையும் மலிந்த இத்தகைய நூலைக் கற்பதால் யாது பயன் என வினவுவோர் உளர். வரலாற்றோடு ஒப்புநோக்கின் விடை கிடைக்கும்.

இன்றைய துனீசியப் பகுதியை ஆண்ட அல்-முஇஸ் இப்னு பாதீஸ், கெய்ரோவின் ஃபாத்திமி கலீஃபாவைத் துறந்து பக்தாதின் அப்பாஸி கலீஃபாவை ஏற்றார். அதன்பின், எகிப்திலிருந்த பனூ ஹிலால், பனூ ஸுலைம் கோத்திரத்தார் மேற்கே செல்ல ஃபாத்திமிகள் வழிவிட்டனர். 1052இல் ஹைதரான் போரில் முஇஸ் தோற்றார். 1057இல் அவர் மஹ்தியாவுக்கு அகல, கல்வியிற் சிறந்த கைரவான் சூறையாடப்பட்டது.

காப்பியத்திலோ பயணத்துக்குக் காரணம் நஜ்து நாட்டு வறட்சி. கரும்பறவையொன்று பிற பறவைகளை விரட்டக் கண்ட கத்ரா, அத்தகைய மகனை வேண்டுகிறாள். அபூ ஸைத் கருநிறத்துடன் பிறக்கிறான். ஐயுற்ற கணவன் ரிஸ்க் அவளைத் துரத்துகிறான். வளர்ந்த மகன், தந்தையென்று அறியாமலே அவனோடு பொருதுகிறான். பின்னர் மேற்கில், மணற்குறி முன்னுரைத்தவாறே, ஸனாத்தி கலீஃபாவைத் தியாப் கொல்கிறான்.

வெற்றியோடு கதை முடிவதில்லை. பல வடிவங்களில், தியாப் தன் கூட்டத்துத் தலைவன் ஹஸனையும் அபூ ஸைதையும் கொல்கிறான். அவர்தம் அநாதை மக்கள் பழிதீர்க்க எழுகின்றனர். வென்ற நாட்டைப் பங்கிடத் தெரியாதோர் தம் மக்களுக்குப் பகையையே வாரிசாக விட்டுச் சென்றனர்.

இங்கே இப்னு கல்தூன் (1332–1406) நமக்கு வழிகாட்டுகிறார். அக்கோத்திரத்தார் அந்நாட்டைப் பாழாக்கினர் எனக் கடிந்துரைத்தவர் அவர். அவரே தம் ‘முகத்திமா’வில் அம்மக்களின் பாடல்களை எடுத்தெழுதினார். இலக்கண வழுவுண்டெனப் புலவர் அவற்றை ஒதுக்கியதை மறுத்து, சொல்வன்மைக்கு ‘இஃராப்’ இன்றியமையாததன்று என நிறுவினார். அவரது கண்டனமும் மறுஆய்வுக்கு உட்பட்டது. அந்நாட்டின் நலிவு முன்னரே தொடங்கிவிட்டதென 1967இல் ழான் போன்ஸே வாதிட்டார்.

ஆகவே காப்பியத்தை ஆவணமாகக் கொள்ளலாகாது. பொய்யெனத் தள்ளவும் ஆகாது. எரிந்த நகரின் துயரை நகரத்தார் எழுதிவைத்தனர். பசித்து வந்தோரின் துயரும், அவர்தம் உட்பகையும் ரபாப் இசைத்த பாணர் நாவில் நிலைத்தன. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அக்கதையை, இரு தரப்பாரின் இழப்பையும் அறியும் நோக்குடன் நம் இளைஞர் கற்பாராக.