மீசையுள்ள தாய்

குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் தட்சிணாமூர்த்தி பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தோற்றுவித்த கிஜுபாய் பதேகா, தொழிலால் வழக்கறிஞர். மகன் பிறந்த பின்னர் மான்டிசோரி அம்மையாரின் கருத்துகள் அவரை ஆட்கொண்டன. பிரம்பின்றிக் கல்வியில்லை எனப் பெற்றோரே நம்பிய காலத்தில் அவர் தண்டனையை விலக்கினார். பரிசையும் விலக்கினார் என்பது நம்மில் பலர் அறியாதது.

1932-இல் வெளிவந்த அவரது ‘திவாஸ்வப்னா’ என்னும் கதைநூலில், புதிய ஆசிரியர் முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்தித் தோற்கிறார், வகுப்பே அமளியாகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். பிள்ளைகள் செவிசாய்த்து அமர்கின்றனர். முதல் நாள் தோல்வியை மறைக்காமையே அந்நூலின் மேன்மை என்பேன்.

மக்கள் ‘மீசையுள்ள தாய்’ என்றழைத்த அவர் 1939-இல் மறைந்தார். பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் உள்ளம் நோகச் செய்வதையும் நாடளாவிய சட்டம் ஒன்று தடுத்தது 2009-இல்.