பழி வந்து உட்காரும் நாற்காலி

1953 நவம்பர் 25. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக் கால்பந்து அணியின் நடுத் தடுப்பாட்டக்காரர் ஹாரி ஜான்ஸ்டன் தவித்துக்கொண்டிருந்தார். அவர் மறிக்க வேண்டியவர் ஹங்கேரியின் ஹிடெக்குட்டி. முதுகில் ஒன்பதாம் எண். அந்த எண்காரர் கோல் முகத்தில்தான் நிற்பார் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ஹிடெக்குட்டியோ பின்னால் இறங்கி, மைதானத்தின் நடுவில் பந்தை வாங்கினார். அவர் கூடவே போனால் ஜான்ஸ்டனின் முதுகுக்குப் பின்னால் இடம் திறந்துவிடும், ஹங்கேரியின் இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரர் புஷ்காஷ் புகுந்துவிடுவார். போகாமல் நின்றால் ஹிடெக்குட்டியைத் தடுக்க ஆளே இல்லை. போவதா, நிற்பதா என்ற கேள்விக்கு ஆட்டம் முடியும்வரை விடை கிடைக்கவில்லை. ஹிடெக்குட்டி மட்டும் 3 கோல் அடித்தார். ஹங்கேரி 6, இங்கிலாந்து 3.

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அணியிடம் இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்றது அதுவே முதல் தடவை. அன்று ஆடிய 11 பேரில் 6 பேருக்கு அதுதான் நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம். ஜான்ஸ்டனும் அதில் ஒருவர். மேனேஜர் வால்டர் வின்டர்பாட்டமோ 1962 வரை பதவியில் இருந்தார்.

இதைப் படிக்கிறவருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் வின்டர்பாட்டமைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அணியில் யார் ஆடுவது என்று முடிவு செய்தது அவர் இல்லை.

மேனேஜர் வேலை பிறந்தபோது அது ஒரு குமாஸ்தா வேலை. இங்கிலாந்தில் ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று 1885-இல் அனுமதி வந்தது. மறு வருடம் ஆஸ்டன் வில்லா கிளப் ஜார்ஜ் ராம்ஸேயைச் செயலாளராக அமர்த்தியது. கால்பந்தின் முதல் மேனேஜர் என்று பலர் அவரைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்துச் செயலாளர் கடிதம் எழுதுவார், ரயில் டிக்கெட் எடுப்பார், ஆள் தேடுவார். ஆடும் பதினோரு பேரைக் கமிட்டி கூடித் தேர்ந்தெடுக்கும். தோற்றால் பழி ஆட்டக்காரர் தலையில். கமிட்டிக்கு முகம் கிடையாது. கூட்டம் யாரைப் பார்த்துக் கத்தும்?

கிளப்புகளில் இதை மாற்றியவர்களில் பெரியவர் ஹெர்பர்ட் சாப்மன். 1925-இல் ஆர்சனலுக்கு வந்த அவர், அணி விஷயத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அக்டோபரில் நியூகாஸிலிடம் 7-0 என்று செம அடி. ஆஃப்சைடு விதி அப்போதுதான் தாக்குகிறவர்களுக்குச் சாதகமாக மாறியிருந்தது. நடுவில் ஆடுகிறவரைத் தடுப்புக்கு இறக்க வேண்டும் என்று ஆட்டக்காரர் சார்லி பக்கன் வாதாடினார். சாப்மன் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை ஆர்சனல் 4-0 என்று வென்றது. யோசனை ஆட்டக்காரருடையது, முடிவு மேனேஜருடையது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிற அபூர்வமான இடம் இது.

தேசிய அணியில் மட்டும் கமிட்டி அசையவில்லை. 1946-இல் வின்டர்பாட்டமை மேனேஜர் ஆக்கினார்கள். பயிற்சி கொடுக்கலாம், ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. 1950 உலகக் கோப்பைக்குப் பிரேசில் போனபோது அந்த உரிமை ஆர்தர் ட்ரூரி என்ற தேர்வாளரிடம் இருந்தது. முதல் ஆட்டத்தில் சிலியை 2-0 என்று வென்றார்கள். ஜெயித்த அணியைக் கலைக்கக் கூடாது என்று ட்ரூரி, அடுத்த ஆட்டத்திலும் நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸை வெளியே உட்காரவைத்தார். பெலோ ஹொரிசோன்டேயில் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றார்கள். ஸ்பெயினுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் 4 ஆட்டக்காரர்கள் மாற்றப்பட்டார்கள். ட்ரூரி பின்னாளில் ஃபிஃபா தலைவரே ஆனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அமெரிக்காவிடம் தோற்ற அன்றும் ஹங்கேரியிடம் தோற்ற அன்றும் இங்கிலாந்தின் வலது பக்கத் தடுப்பில் ஆடியவர் ஒருவரே: ஆல்ஃப் ராம்ஸி. வெம்ப்ளியில் இங்கிலாந்தின் மூன்றாவது கோலைப் பெனால்டியில் அடித்ததும் அவர்தான். அதோடு அவரையும் அனுப்பிவிட்டார்கள். அந்த 6 பேரில் அவரும் ஒருவர்.

வின்டர்பாட்டம் விலகியபோது தேசிய அணிக்கு அழைக்கப்பட்டவர் இதே ராம்ஸி. அவர் போட்ட நிபந்தனை, அணியை நான் மட்டுமே தேர்ந்தெடுப்பேன் என்பது. அடுத்தவர் எடுத்த முடிவுக்காகத் தலைகுனிந்து வெளியேறிய மனிதர் கேட்ட உரிமை அது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். கமிட்டி இறங்கிவந்தது. பழி வந்து உட்கார ஒரு நாற்காலி தயாரானது. அதைக் கேட்டு வாங்கியவர் ஒரு முன்னாள் ஆட்டக்காரர்.

1966 உலகக் கோப்பையில் ராம்ஸி, ட்ரூரி நின்ற அதே இடத்தில் நின்றார். காயத்தால் விலகியிருந்த ஜிம்மி கிரீவ்ஸ் குணமாகிவிட்டார். நாடே அவர் பெயரைச் சொன்னது. ஜெயித்த அணியை மாற்ற மாட்டேன் என்று ராம்ஸி, இறுதி ஆட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்டையே வைத்துக்கொண்டார். ஹர்ஸ்ட் 3 கோல் அடிக்க, 4-2 என்று கோப்பை வந்தது. ட்ரூரியுடைய நியாயம்தான் ராம்ஸியுடையதும். முடிவு மாறியதால் ஒன்று பிடிவாதம் என்றும் இன்னொன்று மேதைமை என்றும் பெயர் வாங்கின. ஆனால் தோற்றிருந்தால் யாரைக் கேட்பது என்று 1966-இல் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெளிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேட்கும் நாளும் வந்தது. 1973 அக்டோபர் 17, மறுபடி வெம்ப்ளி. போலந்தை வென்றால்தான் உலகக் கோப்பைக்குப் போகலாம். இங்கிலாந்து விடாமல் தாக்கியது. கோல்கீப்பர் டோமஷெவ்ஸ்கி கையாலும் காலாலும் உடம்பாலும் தடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் பாதியில் எல்லைக்கோட்டோரம் நார்மன் ஹன்டர் பந்தைக் கோட்டைவிட, போலந்து கோல் போட்டது. ஆலன் கிளார்க் பெனால்டியில் சமன் செய்தார். ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம் இருக்கும்போதுதான் ராம்ஸி மாற்று ஆட்டக்காரராகக் கெவின் ஹெக்டரை இறக்கினார். ஹெக்டர் தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டில் நின்று வெளியே தள்ளினார்கள். 1-1. இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை இல்லை.

அன்றிரவின் கணக்கை என்னைக் கேட்டால் இப்படித்தான் பிரிப்பேன். கோட்டைவிட்ட பந்து ஹன்டருடையது. மாற்று ஆளை அவ்வளவு நேரம் உட்காரவைத்தது ராம்ஸியுடையது. டோமஷெவ்ஸ்கி தடுத்ததற்கு இங்கிலாந்தில் யாரும் பொறுப்பில்லை. அது அவருடைய திறமை.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இப்படிப் பிரிக்கவில்லை. 1974-இல் ராம்ஸியைப் பதவி நீக்கியது. போலந்துடனான ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்ட ஹன்டர் அதன் பிறகும் இங்கிலாந்துக்கு ஆடினார்.