ட்ரெல்லிஸ் குறியீட்டுப் பண்பேற்றம்

அலைக்கற்றையின் அகலத்தையோ அனுப்பும் திறனையோ கூட்டாமல், இரைச்சலைத் தாங்கும் வலுவை எண்ணிமத் தொடர்புக்குத் தரும் முறை. சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகானில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில், ஆஸ்திரியரான காட்ஃபிரீட் உங்கர்பெக் 1970களில் இதை உருவாக்கினார்.

இரைச்சல் மிகுந்த தடத்திலும் ஒரு வரம்புக்குட்பட்ட வேகத்தில் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம் என்று 1948இல் கிளாட் ஷானன் நிறுவியிருந்தார். ஆனால் பிழை திருத்தும் குறியீடுகளுக்குக் கூடுதல் பிட்டுகள் தேவை. அவற்றை அனுப்பக் கூடுதல் அலைக்கற்றை தேவை. விண்கலத் தொடர்பில் அதற்கு இடமிருந்தது. ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிய தொலைபேசிக் கம்பியில் இல்லை. குறியீட்டையும் பண்பேற்றத்தையும் ஒன்றாகவே வடிவமைக்க வேண்டும் என்று 1974இல் ஜேம்ஸ் மாஸி வலியுறுத்தினார்.

உங்கர்பெக் கூடுதல் பிட்டுக்கு நேரத்தில் இடம் தேடவில்லை; குறிகைப் புள்ளிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார். ஒரு குறிகைக்கு 2 பிட் அனுப்ப, வட்டத்தில் 4 புள்ளிகளாக அமையும் 4 கட்டங்கள் போதும். அவர் 8 கட்டங்களை எடுத்துக்கொண்டார். ஒரே வட்டத்தில் புள்ளிகள் நெருங்கினால் இரைச்சல் அவற்றை எளிதில் குழப்பிவிடும் அல்லவா? இங்குதான் அவருடைய மேதைமை தெரிகிறது. ஆரம் 1 என்றால் அடுத்தடுத்த புள்ளிகளின் தூரம் 0.765. புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் அது 1.414 ஆகும், மீண்டும் பிரித்தால் 2 ஆகும். எந்தப் பிரிவுக்குப் பின் எது வரலாம் என்பதை, நிலைகளை இணைக்கும் பாதைகளின் வலையான ட்ரெல்லிஸ் விதிக்கிறது. பெறும் கருவி தனிப்புள்ளியைப் பார்த்து அவசர முடிவெடுப்பதில்லை. வந்த வரிசை முழுவதற்கும் மிக அருகில் உள்ள பாதையை, ஆண்ட்ரூ விட்டர்பி 1967இல் தந்த வழிமுறையால் கண்டுபிடிக்கிறது. நான்கே நிலைகள் கொண்ட ட்ரெல்லிஸ் தரும் ஆதாயம், பிழை அரிதாகும் எல்லையில், 3 டெசிபெல். அதே தரத்துக்குப் பாதித் திறன் போதும்.

1976இல் ஸ்வீடனில் அறிவிக்கப்பட்ட இக்கருத்து, 1982இல் விரிவான ஆய்வுக்கட்டுரையாக வந்த பிறகே பரவியது. அதன்பின் தாமதமில்லை. 1984இன் வி.32 மோடம் தரத்தில், 32 புள்ளிகளும் 8 நிலைகளும் கொண்ட லீ-ஃபாங் வெய்யின் குறியீடு இடம்பெற்றது. புள்ளிப்படம் 90 பாகை சுழன்றுபோனாலும் தகவல் சிதையாதது அதன் சிறப்பு. வினாடிக்கு 9,600 பிட் என்ற வேகம், 1991இல் வி.32பிஸ் தரத்தில் 14,400 ஆகவும் 1994இல் வி.34 தரத்தில் 28,800 ஆகவும் உயர்ந்தது. செம்புக் கம்பியில் இயங்கும் கிகாபிட் ஈதர்நெட்டும் இம்முறையைக் கையாள்கிறது.

கம்பியின் சீரான இரைச்சலுக்கு வகுக்கப்பட்ட முறை, வலு ஏறியிறங்கும் வானொலித் தடங்களில் அவ்வளவு சோபிக்கவில்லை. அங்கே பிட்டுகளைக் கலைத்து அடுக்கும் எஃப்ரைம் ஸெஹாவியின் 1992ஆம் ஆண்டு வழி முன்னேறியது. அடுத்த ஆண்டே பிழை திருத்தும் புதிய வகையான டர்போ குறியீடுகளும் வெளிவந்தன.