உறுதியைப் பார்க்கிறோம், வீட்டைப் பார்க்கிறோமா?



1976இல் கலிபோர்னியாவின் டயப்லோ என்ற ஊரில் ஒரு வீடு 170,000 டொலருக்கு விலைபோனது. மண் நிரப்பி, சரியாக இறுக்காத நிலம். வாங்கிக் கொஞ்சக் காலத்திலேயே மண் சரிந்து வீடு சேதமானது. சரிவில் வலை விரித்திருந்ததை புரோக்கர் ஒருவர் கண்டிருந்தும் புரோக்கர்மார் மண்ணைச் சோதிக்கச் சொல்லவில்லை.

வீட்டைக் கவனமாகப் பார்த்து, குறைகளை வாங்குபவரிடம் சொல்வது புரோக்கரின் கடமை என 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டெக்சாஸில் இன்று வீட்டுப் பரிசோதகராக வேலை செய்ய பயிற்சி, பரீட்சை, காப்புறுதி எல்லாம் இருந்தால்தான் அனுமதிப்பத்திரம். வழக்கு நடந்த கலிபோர்னியாவிலோ இன்னும் அது கட்டாயமில்லை.

நாமும் வீடு வாங்கும்போது உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுகிறோம். அத்திவாரத்தையும் கூரையையும் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுவோம். நம் பிள்ளைகள் உறங்கப்போகும் வீடல்லவா!